ஆமைப்பாறையின் மூச்சு

செஞ்சியில் பச்சைப் பெயிண்ட் அடித்த தகரத்தில் வெள்ளை எழுத்தில் எதை எழுதினாலும் அது உண்மை. இதைப் பாண்டுரங்கன் அறுபத்தைந்தாம் வருஷக் கோடையில் கண்டுபிடித்தான்.

பாண்டுரங்கன் பட்டணத்தில் ஓவியம் படித்துவிட்டு வந்தவன். ஊரில் படம் வாங்க ஆள் இல்லை, போர்டு எழுதத்தான் ஆள் தேவைப்பட்டது. கடைவீதியில் ஒரு சந்து மாதிரி இடத்தைப் பிடித்துக்கொண்டு மளிகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் பெயர் எழுதினான். சர்க்கார் போர்டுகளும் அவனிடமே வந்தன. அந்தக் கோடையில் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று ஊருக்கு வெளியே ரோட்டோரம் ஓர் அடிபம்பை நட்டார்கள். கீழே குழாய் கிடையாது, தண்ணீர் கிடையாது. பம்பை மட்டும் சிமெண்டில் நிறுத்தி, பக்கத்தில் 'இவ்வூருக்குக் குடிநீர் வழங்கப்பட்டுவிட்டது' என்று போர்டு வைத்தார்கள். எழுதிக் கொடுத்தவன் பாண்டுரங்கன். பெரிய மனிதரின் கார் அந்த இடத்தில் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

மறுநாள் விடிவதற்குள் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். மாற்றி மாற்றி அடித்தார்கள். காற்று வந்தது. பம்பு ரிப்பேர் என்று பேசிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரமும் வந்து அடித்துப் பார்த்துவிட்டு ரிப்பேர் என்றே சொன்னார்கள். ஆத்திரத்தில் பம்பைக் காலால் உதைத்தவர்கள் உண்டு. போர்டை ஒருவரும் உதைக்கவில்லை. தண்ணீர் வழங்கப்பட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறதே, வழங்காமலா எழுதுவார்கள்?

அன்றிலிருந்து அவனுக்கு ஊரைப் பார்த்தால் இளக்காரம். சைக்கிள் கடைக்காரனுக்குப் பெயர் எழுதும்போதுகூட உதட்டோரம் ஒரு சிரிப்பு இருக்கும். துணியிலும் காகிதத்திலும் படம் போட்டு இவர்களிடம் காட்டுவது வீண், இவர்கள் தலையிலேயே ஒரு படம் போட வேண்டும் என்று ஜகபர் அலியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஜகபர் அலிக்குப் பக்கத்திலேயே வாட்ச் ரிப்பேர் கடை. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, மறு கண்ணால் கடைவீதியைப் பார்த்துக்கொண்டிருப்பவர். படம் போட்டு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். முழுப்பொய்யாக ஒரு விஞ்ஞானத்தைச் செய்து நடுரோட்டில் வைக்கப்போகிறேன், எல்லோரும் நம்பிய பிறகு நானே அதைப் பிரித்துக் காட்டுவேன், அப்புறம் இந்த ஜென்மத்தில் எந்த போர்டையும் பார்த்தவுடன் நம்பமாட்டார்கள் என்றான். ஜகபர் அலி ஊதி ஊதி ஒரு சின்னச் சக்கரத்தின் தூசியைத் தட்டினார். 

இடம் ஆமைப்பாறை. வல்லம் போகிற ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். கோட்டை மலைகளோடு அதற்குச் சம்பந்தம் இல்லை, எந்த ராஜாவும் அதன்மேல் ஏறி நிற்கவில்லை. அதனால் அது கல்லுடைக்கிறவர்களுக்கு மிஞ்சியது. தாண்டவராயனும் அவன் பெண்சாதி சின்னப்பொண்ணும், அவர்கள் சொந்தத்தில் சில குடும்பங்களும் அதை உடைத்துத்தான் சாப்பிட்டார்கள். காலையில் பாறையின் முதுகில் முள்விறகையும் வேர்க்கடலைத் தொலியையும் பரப்பித் தீ வைப்பார்கள். சூடேற ஏறப் பாறையின் மேல்தோல் அடியை விட்டுப் பிரியும். சம்மட்டியால் தட்டினால் பிரிந்த இடம் பறை மாதிரி அதிரும். அப்புறம் ஆப்பும் கடப்பாரையும். ஆண்கள் கற்பலகை பெயர்ப்பார்கள், பெண்கள் ஜல்லி உடைப்பார்கள். உள்ளங்கையில் ரேகை பார்க்க வந்த ஜோசியக்காரன் அவர்களிடம் ரேகை கிடையாது என்று திரும்பிப் போயிருக்கிறான்.

சாயங்காலம் சூடு இறங்கும்போது பாறைக்குள்ளிருந்து டொக் டொக் என்று சத்தம் வரும். வெடிப்பு வழியாக வெந்த காற்று வெளியேறும். பாறை மூச்சு விடுது என்பார்கள். சொல்லிவிட்டுப் பீடி பற்றவைப்பார்கள். அவர்களுக்கு அது ஒரு பேச்சு, அவ்வளவுதான். எல்லைக் கல்லுக்கு நம்பர் எழுதப் போன பாண்டுரங்கன் காதில் அது விழுந்தது. அவனுக்கு அங்கேயே படம் வந்துவிட்டது.

கருவியை ஜகபர் அலியின் கடையில் செய்தார்கள். பழைய அலாரம் கடிகாரத்தின் முகத்தை எடுத்து, எண்களை அழித்து, அரைவட்டக் கோடு போட்டு, ஒரு கோட்டைச் சிவப்பாக்கினான் பாண்டுரங்கன். தேக்குப் பெட்டிக்குள் அதைப் பொருத்தினார்கள். பெட்டியிலிருந்து ஒரு செப்புக் கம்பி பாறையின் வெடிப்புக்குள் போகும். போய் அங்கே ஒன்றையும் தொடாது.

"பாய், முள்ளு ஆடணும். ஆனா எப்ப ஆடும்னு எவனுக்கும் தெரியக் கூடாது."

"அப்பிடின்னா கரண்ட் வாணாம். உசுரு வேணும்," என்றார் ஜகபர் அலி.

பெட்டியின் பின்பக்கம் ஓர் அறை தடுத்து, அதில் ஒரு பொன்வண்டை விட்டார்கள். கழுத்தில் நூல். நூலின் மறுமுனை முள்ளின் அடியில். வண்டு முன்னால் நகர்ந்தால் முள் ஏறும், நின்றால் வாட்சிலிருந்து எடுத்த சுருள்கம்பி முள்ளை இறக்கிவிடும். சும்மா கிடக்கிற வண்டு, பக்கத்தில் காலடிச் சத்தம் கேட்டால் பதறிக்கொண்டு நகரும். ஆகவே ஆள் நெருங்க நெருங்க முள் துடிக்கும். வண்டு மூச்சு விட மேலே சில துளைகள், இலை போடப் பின்னால் ஒரு சின்னக் கதவு.

எவனாவது திறந்து பார்த்துவிட்டால் என்று பாண்டுரங்கன் இழுத்தான்.

"என் கடைக்கு வர்றவன் எவனாச்சும் வாட்சத் தொறந்து பாத்துக்கிறானா? முள்ளப் பாக்கறான், போறான். போய் ஒங்க வேலயப் பாருங்க," என்றார் பாய்.

போர்டு பச்சைத் தகரம், வெள்ளை எழுத்து. 'எச்சரிக்கை. இப்பாறை உயிருள்ளது என விஞ்ஞான ஆராய்ச்சியில் ஐயமறத் தெரியவந்துள்ளது. இதன் சுவாசம் இக்கருவியால் அளக்கப்படுகிறது. முள் சிவப்புக் கோட்டைத் தொடும் சமயம் அருகில் நிற்பவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் நிற்கவும். உத்தரவுப்படி.' யாருடைய உத்தரவு என்று வேண்டுமென்றே எழுதாமல் விட்டான். அதைக் கேட்கிற முதல் ஆளின் காலில் விழுந்து கும்பிடுவதாக ஜகபர் அலியிடம் பந்தயம் கட்டினான்.

அறுபத்தாறு ஆவணியில், மழை ஏமாற்றிவிட, எல்லோரும் ரேஷன் கடை வாசலில் நின்ற நாட்களில், பெட்டியைக் கொண்டுபோய் உடைபடாத பக்கத்தில் வைத்தான். ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு எழுந்து வந்தாள்.

"இன்னா பெயிண்டரே, பாறைக்குப் பொட்டு வெக்க வந்தியா?"

அவளிடம் அவன் மறைக்கவில்லை. வண்டைக் காட்டினான். ஆயுத பூஜை அன்று ஊர் ஜனத்தை இங்கேயே கூட்டி, பெட்டியைத் திறந்து, நீங்கள் இத்தனை நாளும் பயந்தது இந்தப் பூச்சிக்குத்தான் என்று காட்டப்போவதாகச் சொன்னான். சின்னப்பொண்ணு வண்டை விரலால் நிமிண்டிப் பார்த்தாள்.

"ஏமாந்தவன ஏமாந்தவன்னு சொன்னா, அவன் ஒன் கால்ல வந்து வுழுவான்னு நெனச்சிக்கினியா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பாறையை உடைக்க அவர்களுக்கு வருஷா வருஷம் ஐப்பசியில் சர்க்கார் அனுமதி கொடுக்க வேண்டும். விவசாயக் கூலி வேலை ஒன்றும் இல்லாத அந்த வருஷத்தில் பாறையை விட்டால் அவர்களுக்கு வேறு அடுப்பு இல்லை. எங்க பொழப்புல மட்டும் கை வெச்சிடாத என்றாள். இது உங்களுக்காகவும்தான் என்றான் அவன். படித்தவர்கள் இப்படிச் சொல்லும்போது பாத்திரம் பண்டத்தை எண்ணி உள்ளே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அவள் வைக்கவில்லை.

ஒரு வாரத்துக்கு மாடு மேய்க்கிறவர்கள் மட்டும் நின்று பார்த்தார்கள். பிறகு பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து முள்ளைப் பார்த்துவிட்டு, செஞ்சியிலிருந்து தொண்டூர் வரைக்கும் டிக்கெட்டோடு சேர்த்துச் செய்தியையும் கிழித்துக் கொடுத்தான். கடைவீதிச் செட்டிமார்கள் குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆள் நெருங்கியதும் முள் துடித்தது. எல்லோரும் பின்வாங்கினார்கள். பின்வாங்கினால் அடங்கியது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? எலுமிச்சம்பழம் வந்தது, கற்பூரம் வந்தது. பெட்டிக்குச் சந்தனம் அப்பினார்கள். சோடா விற்கிறவன் நிழல் பார்த்துக் கடை போட்டான். பிள்ளை இல்லாதவள் ஒருத்தி கம்பியில் தொட்டில் கட்டினாள்.

பள்ளிக்கூடத்து சயின்ஸ் வாத்தியார் கந்தசாமி பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்தார். அவர் வந்தபோது, இந்த மனிதர் பிடித்துவிடுவார் என்று பாண்டுரங்கன் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கினான். கந்தசாமி போர்டைச் சத்தமாகப் படித்தார். பாறைகள் பகலில் பிராணவாயுவை இழுத்து இரவில் விடுகின்றன, இது வெளிநாட்டில் முன்பே தெரிந்த விஷயம், நம் நாட்டில் இப்போதுதான் வந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கினார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பாண்டுரங்கன் எழுதாததையும் சேர்த்து அவர் நம்பினார். முழு மூடனைவிட அரைப் படிப்பு எவ்வளவு உபயோகமானது என்று பாண்டுரங்கன் அன்று ஜகபர் அலியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

யாருடைய உத்தரவு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவன் தினமும் காலையில் கொடுக்காப்புளி இலையோடு போய், கருவியைத் துடைக்கிற பாவனையில் சந்தனத்தை வழித்துத் துளைகளைத் திறந்துவிட்டு, வண்டுக்கு இலை போட்டுவிட்டு வருவான். புரட்டாசி நடுவில் ஒருநாள் காலை அவன் போவதற்குள் ஜீப் வந்து நின்றிருந்தது.

வந்தவர் அதிகாரி பாலசுப்பிரமணியன். முழுக்கால்சட்டையும் குளிர்கண்ணாடியும். கல் குத்தகை, ரோடு, கிணறு எல்லாம் அவர் கையெழுத்தில் நடந்தன. தன் எல்லைக்குள் தனக்குத் தெரியாமல் ஒரு சர்க்கார் கருவி இருப்பதைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்தது. எந்த ஆபீஸ் வைத்தது என்று கேட்டால், தனக்குச் சொல்லாமல் வைத்துவிட்டார்கள் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். அவர் கேட்கவில்லை. ஜீப்பின் அதிர்வில் வண்டு ஓட, முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. கூட்டம் அவர் முகத்தைப் பார்த்தது.

"ஆமாம், இது மேலிடத்துத் திட்டம்," என்றார் அதிகாரி. "எனக்கு முன்பே தகவல் உண்டு."

அப்புறம் அவருக்கு வேலை சுலபமாகிவிட்டது. கண்டவன் கையும் படக்கூடாது என்று பெட்டியைக் காடாத்துணியால் இறுகச் சுற்றச் சொன்னார். கண்ணாடி முகம் மட்டும் வெளியே. கதவு வருகிற இடத்திலும் முடிச்சு வருகிற இடத்திலும் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார். காவலுக்குத் தலையாரியை நிறுத்தினார். பாறைக்குத் தொந்தரவு கூடாது, மறு உத்தரவு வரைக்கும் தீயும் கூடாது, சம்மட்டியும் கூடாது என்று தாண்டவராயனிடம் சொன்னார். ஐப்பசி அனுமதி பற்றி அவன் இழுத்தான். உயிர் இருக்கிற பொருளை உடைக்க யார் அனுமதி கொடுப்பது என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பாண்டுரங்கன் இலையும் கையுமாக நின்றான். தலையாரி அவனைக் கிட்டே விடவில்லை.

அன்று மத்தியானமே அதிகாரியைப் போய்ப் பார்த்தான். வாசலில் வெகுநேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். போர்டு நான் எழுதியது, பெட்டி நான் செய்தது, உள்ளே இருப்பது பொன்வண்டு என்று ஒன்றுவிடாமல் சொன்னான். இது ஒரு கலைப்படைப்பு என்றும் சொன்னான். அந்த வார்த்தைக்குத்தான் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவர் பேனாவில் மை நிரப்பிக்கொண்டிருந்தார். மேலே ரிப்போர்ட் போயாகிவிட்டது.

"நீ போர்டு எழுதுகிறவன்தானே? போர்டு எழுதுகிறவனுக்குக் கூலி உண்டு. கருத்து கிடையாது."

சர்க்கார் திட்டத்தைப் பூச்சி என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் உள்ளே வைக்க வேண்டியிருக்கும் என்பதையும் மரியாதையாகவே சொன்னார். பாண்டுரங்கன் வெளியே வந்தான். கடைவீதியில் நின்று ஆள் ஆளாகச் சொன்னான். ஜவுளிக்கடைக்காரர் பாதி கேட்டுவிட்டு, பட்டணத்தில் படித்தால் இப்படித்தான் எல்லாம் தன்னால் நடக்கிறது என்று தோன்றும் என்றார். சைக்கிள் கடைக்காரன் அவன் வாயை முகர்ந்து பார்த்தான். கந்தசாமி வாத்தியார் மட்டும் பொறுமையாகக் கேட்டார். பூச்சிக்கு அவ்வளவு சக்தி கிடையாது தம்பி என்று விளக்கிச் சொன்னார்.

வண்டுக்கு இலை இல்லை. காற்றுப் போகிற துளைகளைத் துணி மூடியது, துணியின் மேல் ஜனங்கள் தினமும் சந்தனம் அப்பினார்கள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ முள் நின்றுவிட்டது. கிட்டே போனாலும் ஆடவில்லை. காலால் தரையை உதைத்தாலும் ஆடவில்லை.

பாறை செத்துவிட்டது என்ற பேச்சு பொழுது சாய்வதற்குள் ஊரைச் சுற்றி வந்தது. கொன்றது யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. இத்தனை வருஷமாக அதன் முதுகில் தீ வைத்தவர்கள் யார்? தோலை உரித்தவர்கள் யார்? சுட்ட இடத்திலேயே சுட்டால் எந்த உயிர்தான் தாங்கும்? ஆமைப்பாறைக் கல்லில் வாசற்படி போட்டவர்கள், அம்மி வாங்கியவர்கள், வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவர்கள், எல்லோரும் இதைச் சொன்னார்கள். தாண்டவராயன் உப்பு வாங்கப் போன கடையில் அவனுக்கு உப்பு இல்லை என்றார்கள். திரும்பி வருகிற வழியில் நாலு பேர் சேர்ந்து அடித்தார்கள். அடித்தவர்களில் ஒருவன் வீட்டுக் கிணற்றுக்கு வெட்டுக்கல் இறக்கிக் கொடுத்தவன் தாண்டவராயன். தோள் இறங்கிப் போய் அவன் குடிசையில் படுத்தான்.

சின்னப்பொண்ணு பாண்டுரங்கன் கடைக்கு வந்தாள். உட்காரவில்லை. கடைவீதி முழுக்கக் கேட்கிற மாதிரி அவள் பேசவும் இல்லை.

"அடுப்பு பத்த வெச்சி மூணு நாளாவுது. ஒன் படம் முடிஞ்சிதா, இன்னும் இருக்குதா?"

எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், ஒருவரும் நம்பவில்லை என்றான்.

"நீ பொய் சொன்னப்ப நம்பினாங்க இல்ல. அப்ப மட்டும் எப்பிடிச் சொன்ன?"

போர்டில் எழுதினேன் என்று அவன் சொல்ல வாயெடுத்தான். ஆயுத பூஜைக்கு ஊரே பாறைக்கு வருகிறது, செத்த பாறைக்கு உயிர் வரப் பூஜை போடுகிறார்கள், அதிகாரியும் வருகிறார் என்றாள் அவள். சொன்னபடி அன்றைக்கு நீயே திறந்து காட்டு என்றாள். அது முத்திரை வைத்த பெட்டி, முத்திரையை உடைத்தால் ஜெயில் என்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு கற்பலகையை உரசிப் பார்த்து இது ஆகாது என்று ஒதுக்குகிற பார்வை. போய்விட்டாள். அடுத்த கடையில் ஜகபர் அலி பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நீங்க இப்பப் போய்த்தான் ஆவணும் பெயிண்டரே என்றார்.

ஆயுத பூஜை அன்று கல்லுடைக்கிறவர்களும் தங்கள் வழக்கப்படி பாறையின் ஓரமாகச் சம்மட்டி, கடப்பாரை, ஆப்பு எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, பொரி பரப்பி வைத்திருந்தார்கள். அன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது. பூஜை போட்ட இரும்பை மறுநாள்தான் கையில் எடுப்பார்கள். பட்டினியிலும் அந்த வழக்கத்தை அவர்கள் விடவில்லை. கூட்டம் அவர்களை ஒதுக்கிவிட்டுப் பெட்டியைச் சுற்றி நின்றது. பெட்டிக்கு மாலை, பூசணிக்காய், சூடம். அதிகாரி நாற்காலியில் இருந்தார். கந்தசாமி வாத்தியார் பக்கத்தில் நின்றார்.

பாண்டுரங்கன் வந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெட்டிக்கு எதிரில் போய் நின்றான். அரக்கு முத்திரையைப் பார்த்தான். அதில் சிங்கம் இருந்தது. அவன் கை சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை. போர்டுகளைப் பற்றி இவ்வளவு கேவலமாகப் பேசியவன், ஒரு விரற்கடை அரக்கைப் பார்த்து நின்றுவிட்டான். பெரியோர்களே என்று ஆரம்பித்தான். பூஜை நேரத்தில் பேசாதே என்று யாரோ அதட்டினார்கள். அவன் பேசவில்லை.

சின்னப்பொண்ணு தன் ஆட்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். பொட்டு வைத்த சம்மட்டியைக் கையில் எடுத்தாள். அவள் சொந்தக்காரர்கள் வாயில் கை வைத்தார்கள். இன்றைக்கா, ஆயுதத்தையா என்று ஒரு கிழவன் முனகினான். அவள் பொரியை மிதித்துக்கொண்டு வந்தாள். தலையாரி நகர்ந்தான். சம்மட்டியோடு வருகிறவளைத் தடுக்க அவனுக்குச் சம்பளம் போதாது.

"பாத்துக்கோங்க," என்றாள்.

ஒரே அடி. முத்திரை, துணி, தேக்கு எல்லாம் சேர்ந்து பிளந்தது. அலாரம் கடிகாரத்தின் முகம் உருண்டு அதிகாரியின் செருப்பில் முட்டி நின்றது. பலகைத் துண்டுக்கு நடுவில் பொன்வண்டு மல்லாந்து கிடந்தது. காய்ந்து போயிருந்தது. பச்சையும் பொன்னும் மட்டும் மங்கவில்லை. கழுத்தில் நூல், நூலின் மறுமுனையில் முள். குனிந்தால் குழந்தைக்கும் புரியும்.

ஜனங்கள் குனிந்து பார்த்தார்கள்.   தன் படம் முடிந்துவிட்டது, இதோ கண் திறந்துவிட்டார்கள் என்று பாண்டுரங்கன் நினைத்தான்.

கந்தசாமி வாத்தியார் வண்டை இரண்டு விரலால் தூக்கினார். நூல் தொங்கியது. அதை விலக்கிவிட்டு வண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளே போன பூச்சிகூடச் செத்துப்போயிருக்கிறது, பார்த்தீர்களா? அப்படியென்றால் உள்ளே என்ன விஷவாயு இருக்க வேண்டும்!"

கூட்டம் ஓர் அடி பின்னால் போனது. அப்புறம் பத்தடி போனது. யாரோ குழந்தையின் மூக்கைப் பொத்தினார்கள். அதிகாரி எழுந்து கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பாறை செத்தது என்றால் யார் பொறுப்பு என்று மேலே கேட்பார்கள். பாறை விஷம் கக்குகிறது என்றால் யாரும் பொறுப்பு இல்லை. எல்லோரும் ரோட்டுக்குப் போங்கள் என்று உத்தரவு போட்டார். போனார்கள். பூசணிக்காயை விட்டுவிட்டுப் போனார்கள். அதைக் கல்லுடைக்கிறவர்கள் அன்று சமைத்தார்கள்.

சின்னப்பொண்ணை யாரும் பிடிக்கவில்லை. அவள் அடித்ததை அவ்வளவு பேரும் நேருக்கு நேர் பார்த்தவர்கள். ஆனால் ரிப்போர்ட்டில், வாயுவின் அழுத்தம் தாங்காமல் கருவி தானே வெடித்தது என்று எழுதப்பட்டது. சம்மட்டி என்று எழுதினால் தலையாரி என்ன செய்தான், அதிகாரி என்ன செய்தார் என்று கேள்வி வரும். ஐப்பசி பாதிக்குள் பார்த்தவர்களும் வெடித்தது என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். டமார் என்று சத்தம் கேட்டதாம், நீலமாகப் புகை வந்ததாம். ஜவுளிக்கடைக்காரருக்கு அதிலிருந்து இருமல்.

பாறையைச் சுற்றி ஆளுயர மதில் எழுப்ப மேலிருந்து உத்தரவு வந்தது. மதிலுக்குக் கல் வேண்டும். சீயமங்கலத்திலிருந்து ஏற்றிவந்தால் வண்டிக்கூலி கட்டாது என்றான் கண்டிராக்டர். பக்கத்தில் எங்கே நல்ல கல் இருக்கிறது என்று தேடினான். ஆமைப்பாறையில் இருந்தது. பாறையின் பின்பக்கம் விஷம் இல்லையா என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை, அவனுக்கு உத்தரவு மதிலுக்குத்தான். ஆள் தேடினான். அந்தப் பக்கம் போகப் பயப்படாத கல்லுடைக்கிறவர்கள் ஒரே ஒரு கூட்டம்தான் இருந்தது. இப்படியாக, ஆமைப்பாறையை உடைத்து ஆமைப்பாறையைக் காப்பாற்றும் வேலை, அதைக் கொன்றவர்களுக்கே கிடைத்தது. தாண்டவராயன் ஒரு தோளால் வேலை செய்தான்.

மதில் முடிந்தது. வேலை முடிந்ததும் அவர்களை வெளியே போகச் சொல்ல யாராவது உள்ளே வர வேண்டும். ஒருவரும் வரவில்லை. தலையாரி வரவில்லை, குத்தகை கேட்கிறவன் வரவில்லை, அதிகாரி ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார். அனுமதி இல்லை, தேவையும் இல்லை. மதிலுக்குள் காலையில் முள்விறகும் கடலைத் தொலியும் எரிந்தன. மதிலுக்கு மேலே புகை எழும்பும். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பாறை இன்றைக்கு அதிகமாக மூச்சு விடுகிறது என்றார்கள். பெயர்த்த கல் மறுபக்கமாக வண்டி ஏறி, வேறு குன்றுக் கல் என்று சொல்லி அதே கடைவீதியில் விற்றது.

கார்த்திகையில் போர்டுக்கு ஆர்டர் வந்தது. மதில் கதவில் மாட்ட வேண்டும். பாண்டுரங்கன் எழுத மாட்டேன் என்று இரண்டு நாள் கடையைச் சாத்தினான். மூன்றாம் நாள் எழுதினான். பச்சைத் தகரம், வெள்ளை எழுத்து. 'அபாயம். விஷவாயு. உள்ளே செல்லக் கூடாது. உத்தரவுப்படி.' எழுதியதை அவனே கொண்டுபோய்க் கதவில் அடித்தான். உள்ளேயிருந்து சம்மட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்று, கதவு கொஞ்சம் திறந்தது. சின்னப்பொண்ணு தலைத் தூசியைத் துணியால் தட்டிக்கொண்டே வெளியே வந்து போர்டைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"எழுத்து சின்னதா இருக்குதே. ரோட்டுல இருந்து தெரியுமா?"

தெரியும் என்றான். அவள் நம்பாமல் ரோடு வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். பரவாயில்லை என்றாள். அப்போதுதான் போர்டின் கீழ்மூலையில் பொடியாக இருந்ததைக் கவனித்தாள். அது என்ன என்று கேட்டாள்.

அது அவன் பெயர். பட்டணத்தில் கற்றுக்கொண்டபடி, படம் போட்டவன் மூலையில் பெயர் போடுவான். செஞ்சியில் எழுதிய எந்த போர்டிலும் அவன் போட்டதில்லை. இதில் போட்டிருந்தான். என் படம்தானே என்றான்.

"ஆளு பேரு இருந்தா எவன் நம்புவான்? அழிச்சிட்டுப் போ," என்றாள் சின்னப்பொண்ணு.

உள்ளே கல் காத்திருந்தது. சூடு ஆறுவதற்குள் ஆப்பு இறங்க வேண்டும். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். சம்மட்டிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. பாண்டுரங்கன் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து மூலையைத் துடைத்தான். பெயிண்ட் இன்னும் காயவில்லை, சுலபமாகப் போய்விட்டது.